தவிட்டுப் பிள்ளையின் வயது

சங்கரன்கோவில் தாலுகா கச்சேரிக்கு எதிரே, வேப்பமரத்தடியில் மேஜை போட்டு இருபத்தெட்டு வருஷம் மனு எழுதியவன் நான். பட்டா மாறுதல், பாதைத் தகராறு, அண்ணன் தம்பியை அடித்தது, தம்பி அண்ணனின் வைக்கோல் படப்பில் தீ வைத்தது என்று எழுதித் தள்ளியதில் எத்தனை பலித்தது, எத்தனை குப்பைக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஒரே ஒரு மனு மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. சுதந்திரம் வந்த வருஷம், வத்தல் மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த நெல்லையம்மாளுக்காக எழுதியது. அது தோற்றுப் போனதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு. அதனால் அவளைப் பற்றி எழுதுகிற பொறுப்பும் என்னுடையதுதான்.

நெல்லையம்மாள் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர். மூன்று வயதில் தாய் போய்விட்டாள். தகப்பனார் இரண்டாந்தாரம் கட்டினார். மாற்றாந்தாய் கையில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். இடது முழங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், சேலையை இழுத்து மூடிக்கொள்வாள். பத்து வயதில் அவளைச் சங்கரன்கோவில் காசிராஜனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது இதற்கெல்லாம் சட்டம் கிடையாது. நாலு வருஷம் கழித்துத்தான் வந்தது. பெண்ணுக்குப் பதினாலு, ஆணுக்குப் பதினெட்டு ஆகாமல் கல்யாணம் செய்தால் தண்டனை. சட்டம் அமலுக்கு வரும் முன்னே முடித்துவிட வேண்டும் என்று தொட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். அந்த அமளி அடங்கியதும் ஊர் சட்டத்தை மறந்துவிட்டது. போலீஸ்காரர்களும் மறந்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களே அவர்கள்தானே.

காசிராஜனும் வத்தல் மண்டியில்தான் வேலை பார்த்தார். தராசு பிடிக்கிற வேலை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மூத்த மகள் காந்திமதியைப் பதிமூன்று வயதில் குருவிகுளத்துத் துரைப்பாண்டிக்குக் கொடுத்தார். துரைப்பாண்டி கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் இருந்தான். யாரும் காந்திமதியின் வயதைக் கேட்கவில்லை. மறு வருஷம் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் துடித்துப் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். இடுப்பு இன்னும் விரியவில்லை, இவளே பிள்ளையாக இருக்கிறாளே என்று மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டாளாம். ஆண் குழந்தை பிழைத்தது. அதைத் துரைப்பாண்டியின் தாயார் குருவிகுளத்துக்குத் தூக்கிப் போனாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஐப்பசி மாதம் ஒரு நாள், மத்தியான நேரம், நெல்லையம்மாள் என் மேஜைக்கு வந்து நின்றாள். அவள் வந்தாளோ இல்லையோ, எனக்குத் தும்மல் வந்துவிட்டது. வத்தல் கிள்ளுகிறவர்களின் சேலையில் மிளகாய்த் தூள் ஏறியிருக்கும்.

“அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைக்குப் பதினாலு வயசு ஆகாம தாலி கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்காம்லா. நெசந்தானா?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “நெசந்தான். யாரு சொன்னா?” என்றேன்.

“மண்டியில பேசிக்கிட்டாவ. எங்க பிச்சம்மாளுக்குப் பதினொண்ணுதான் ஆவுது. அவளப் பெரியவ புருசனுக்கே கட்டிக் குடுக்கப் போறாவ. கார்த்திகையில முகூர்த்தம். அதை நிப்பாட்டணும்.”

மூத்தவள் இறந்தால் இளையவளை அதே மாப்பிள்ளைக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிது அல்ல. பிள்ளைக்குச் சின்னம்மாவே தாயாகிவிடுவாள், உறவும் விட்டுப் போகாது என்பார்கள். நான் அதைத்தான் சொன்னேன். அவள் என் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். மசிக்கூடு கவிழப் பார்த்தது.

“ஒருத்திய முழுங்கியாச்சு. இன்னொருத்தியவும் குடுக்கணுமா? அவ இன்னும் பெரியவ ஆகல. பாண்டி ஆடிக்கிட்டு இருக்கா.”

“வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?”

அவள் முகம் விழுந்துவிட்டது. “பேரனைக் காட்டுதாவ. ‘மாப்பிள்ளை வேற ஒருத்தியக் கட்டினா நம்ம பேரன் மாத்தாந்தாய் கையில போவும். நீ பட்ட பாட்ட அவனும் படணுமா’ன்னு கேக்காவ. நான் அதுக்கு என்ன சொல்ல?”

இந்த விஷயத்தில் கெட்டவன் என்று ஒருவன் இருந்திருந்தால் மனு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். காசிராஜன் பேரனுக்காகப் பேசினார். துரைப்பாண்டி காந்திமதிக்காக மொட்டை போட்டுக்கொண்டு, ஆறு மாதம் செருப்புப் போடாமல் நடந்தவன். எல்லாரும் நல்லவர்கள். பதினொரு வயதுப் பிள்ளையைப் பலி கொடுக்க இத்தனை நல்லவர்கள் வேண்டியிருந்தது.

கல்யாணத்தை முன்கூட்டியே தடுக்க முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம் என்று என்னிடம் இருந்த பழைய சட்டப் புத்தகம் சொல்லியது. எழுத உட்கார்ந்தேன். எதிர்மனுதாரர் பெயர் என்ன என்று கேட்டால் அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். புருஷன் பெயரை வாயால் சொல்லலாமா? கடைசியில், “கங்கை ஓடுத ஊருக்கு ராசா, எழுதிக்கிடுங்க” என்றாள். புருஷன் மேல் கேஸ் போட வந்தவள், பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறைந்துவிடும் என்று பயந்தாள். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

அந்தச் சிரிப்பிலேயே நான் என் தவறையும் செய்தேன். வயது பற்றிய எந்த மனுவாக இருந்தாலும் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்ப்பது என் வழக்கம்: ‘மேற்படி மைனரின் வயது கிராமப் பிறப்புப் பதிவேட்டால் கனம் கோர்ட்டாருக்கு நன்கு விளங்கும்.’ கை பழக்கத்தில் அதையும் எழுதிவிட்டேன். பதிவேட்டைப் போய்ப் பார்க்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இந்தத் தடை மனுவில் ஒரு கூத்து உண்டு. கல்யாணத்தை நிறுத்தும் முன்னே, கல்யாணம் செய்யப் போகிறவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, ‘உங்கள் தரப்பு என்ன’ என்று கேட்க வேண்டும். காசிராஜனுக்கு நோட்டீஸ் போயிற்று. மண்டியில் தராசும் கையுமாக நின்றவரிடம் பியூன் கொண்டுபோய்க் கொடுத்தான். பெண்டாட்டி தன்மேல் கேஸ் போட்டிருக்கிறாள் என்று அத்தனை பேர் முன்னே தெரிந்ததும் அந்த மனுஷன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நெல்லையம்மாளைத் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவள் சமைத்ததைச் சாப்பிடாமல் இருந்தார். அவ்வளவுதான்.

துரைப்பாண்டி என்னைத் தேடி வந்தான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. நின்றபடியேதான் பேசினான்.

“அண்ணாச்சி, கொழும்புல பொம்பளப் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆனாப் போதும். நான் அங்கன பொழைக்கவன். அந்தச் சட்டம் எனக்குச் செல்லாதா?”

“அவளுக்கு இன்னும் பன்னிரண்டும் ஆவலையே” என்றேன்.

“மாசி பொறந்தா ஆயிரும்லா. பிள்ளைய எங்கம்மாவால பாக்க முடியல. பாலு குடிக்க மாட்டேங்கான், மெலிஞ்சு போயிட்டான். நான் பிச்சம்மாள ஒரு வேலையும் ஏவ மாட்டேன். எங்கம்மாவும் கொழும்புக்கு வாராவ. இவ பிள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டா போதும்.”

கொழும்புக்குத் துணி அனுப்பும் கடையநல்லூர் வியாபாரி ஒருவரிடம் விசாரித்தேன். அவன் சொன்னது சரிதான். சிலோனில் பெண்ணுக்குப் பன்னிரண்டு. அதிலும் வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் பதினாலு, மற்றவர்களுக்குத்தான் பன்னிரண்டு. அந்தச் சட்டங்களை எல்லாம் போட்ட சீமையில் பதினாறு என்று என் புத்தகத்தில் இருந்தது. பிள்ளைகள் எல்லா நாட்டிலும் வருஷத்துக்கு ஒரு வயதுதான் வளர்கின்றன. கப்பல் ஏறி இறங்கினால் மட்டும் எப்படி மாறும் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் அந்த வியாபாரி சொன்னார். சிலோனில் அந்தப் பன்னிரண்டுக்குக் கீழே நடந்தால் அது கல்யாணமே அல்ல, செல்லாது. இங்கே பதினாலுக்குக் கீழே நடந்தால் நடத்தியவர்களுக்குத் தண்டனை, கல்யாணம் மட்டும் கல்லுப்போல் நிற்கும்.

மாஜிஸ்திரேட் ஊருக்கு முகாம் வந்த அன்று விசாரணை. வக்கீல் வைக்க வழி இல்லை. நெல்லையம்மாள் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதிலும் மிளகாய்த் தூள். அவள் உள்ளே நுழைந்ததும் பியூன் தும்மினான், குமாஸ்தா தும்மினார், மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை வாசல் பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் தன் மகளுக்காகப் பேசியதெல்லாம் அந்த வாசலில் நின்றுதான். பாதி அவர் காதில் விழவே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

என் மனுவின் கடைசி வாக்கியத்தைக் குமாஸ்தா வாசித்தார். காசிராஜன் தரப்பில் பதிவேட்டின் நகலை எடுத்து நீட்டினார்கள். அதில் 1932-ஆம் வருஷம் காசிராஜனுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்ததாக இருந்தது. பெயர் இல்லை. பிறந்த உடனே எழுதுகிற பதிவேட்டில் பெயர் எங்கே இருக்கும்? ‘பெண்’ என்று மட்டும்தான் போடுவார்கள். அது காந்திமதி. செத்துப்போன காந்திமதி. ஆனால் காசிராஜன் சத்தியம் செய்து, “இது இளையவ பிச்சம்மாள். மூத்தவ தலைப்பிரசவம், வாசுதேவநல்லூர்ல எம் வீட்டுக்காரியோட தாய் வீட்டுல பொறந்தா” என்று சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த வழக்கம். தாய் இல்லாத நெல்லையம்மாளை மாற்றாந்தாய் கூப்பிடவில்லை, அவள் புருஷன் வீட்டிலேயே பெற்றாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“அப்படியானால் பிச்சம்மாள் 1936-ல் பிறந்ததற்குப் பதிவு எங்கே?” என்று அவளைக் கேட்டார்.

பிறப்பு இறப்பு விசாரித்து எழுதச் சொல்லும் தலையாரி கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

“நான் அன்னைக்கே போய்க் கேட்டேன் எசமான். ‘பிள்ளை என்னுது இல்ல, தவிட்டுக்கு வாங்கினது’ன்னு இந்த அம்மாதான் சொன்னாவ. அதனால எழுதல.”

விஷயம் இதுதான். காந்திமதிக்குப் பிறகு நெல்லையம்மாளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அடுத்துப் பிறந்த பெண்ணாவது தங்கட்டும் என்று, பிறந்த அன்றே அதைப் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் மடியில் போட்டுவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாள். பிச்சையாக வாங்கி வந்த பிள்ளை, யாருக்கும் உரியது அல்ல, எமன் தேடி வந்தாலும் இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று போய்விடுவான் என்ற நம்பிக்கை. பிச்சம்மாள் என்று பெயர் வைத்தார்கள். யார் கேட்டாலும் என்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டும். தலையாரி கேட்டபோதும் அப்படியே சொன்னாள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ தாய்மார் சொன்னதுதான். பிள்ளையும் தங்கிவிட்டது. எமனுக்குத் தெரியாமல் மறைத்த பிள்ளை, கோர்ட்டாருக்கும் இல்லாத பிள்ளை ஆகிவிட்டாள்.

தங்கத்தாய் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காந்திமதி செத்ததற்குப் பதிவு இருக்குமே என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். பியூன் என்னை விரட்டினான். இருந்தாலும் குமாஸ்தா பார்த்தார். ‘காந்திமதி, துரைப்பாண்டி மனைவி’ என்று இருந்தது. யார் மகள் என்பதற்கு அதில் இடமே இல்லை, வயது என்ற இடம் காலியாகக் கிடந்தது.

ஆர்டர் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மேற்படி பிச்சம்மாளுக்கு வயது பதினைந்து, மனு தள்ளுபடி. அந்தப் பிள்ளையை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றவில்லை. டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மனுவில் ஒரு வரி எழுத எனக்கும் தோன்றவில்லை. பதிவேட்டால் விளங்கும் என்றல்லவா எழுதி வைத்தேன்! நன்றாக விளங்கியது.

வேப்பமரத்தடியில் அவளுக்கு அந்த ஆர்டரை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இவ பதினஞ்சுன்னா, செத்தது யாரு அண்ணாச்சி?”

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பிச்சம்மாள் மணையில் உட்காரும் முன்னே, பூமாலை கனக்கிறது என்று தாயிடம் சொன்னாள். காந்திமதியின் பட்டுச் சேலையை நாலு மடிப்பு மடித்துச் சொருகி அவளுக்குக் கட்டியிருந்தார்கள். துரைப்பாண்டி தாலி கட்டும்போது அழுதான். காசிராஜன் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெல்லையம்மாள் மட்டும் அழவில்லை.

மறுநாள் மண்டி வாசலில் அவளைப் பார்த்து, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றேன். நடந்த கல்யாணத்தின் மேல் ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், இந்தத் தடவை டாக்டர் சர்டிபிகேட்டோடு கொடுப்போம் என்று சொன்னேன்.

“குடுத்தா?”

“ஒங்க வீட்டுக்காரருக்கும் மாப்பிள்ளைக்கும் ஜெயில் கிடைக்கலாம்.”

“கல்யாணம் முறியுமா?”

“முறியாது.”

“அப்ப எதுக்கு வே அந்தச் சட்டம்?” என்றாள். அண்ணாச்சி என்பதை விட்டு, என்னை வே என்று அவள் அழைத்தது அன்று ஒரு தடவைதான். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை. நான்தான் அகப்பட்டேன்.

பிறகு 1949-ல் பெண்ணின் வயதைப் பதினைந்தாக உயர்த்தினார்கள். விவாகரத்துக்கும் சட்டம் வந்தது. பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தேன். பிச்சம்மாள் கொழும்புக்குப் போய் அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்து, இங்கிருந்து அங்கே போவதற்கும் அங்கிருந்து இங்கே வருவதற்கும் ஆயிரம் தடை வந்தது. நெல்லையம்மாள் தன் மகளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. இப்போது அவளும் இல்லை. நாற்பது வயதுகூட நிறையவில்லை. வத்தல் நெடி நெஞ்சை அரித்துவிட்டது என்றார்கள்.

மகளைக் கடைசியாக அவள் பார்த்தது எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில். தை மாதம், காலை ரயில். நானும் வழியனுப்பப் போனேன். துரைப்பாண்டியும் அவன் தாயாரும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காசிராஜன் வரவில்லை. பிச்சம்மாள் அக்காள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். பிள்ளை சரியச் சரிய, இவள் மறுபக்கம் ஒடிந்து போய் நின்றாள்.

நெல்லையம்மாளைத் தனியே கூப்பிட்டு, எனக்குத் தோன்றிய கடைசி யோசனையைச் சொன்னேன். “மண்டபம் கேம்புல கப்பலுக்கு விடுமுன்ன எல்லாரையும் நிறுத்தி வச்சு பேரு, வயசு கேப்பாவ. பிள்ளைய உள்ளதச் சொல்லச் சொல்லு. பதினொண்ணுன்னு சொன்னா சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிருவாவ. நானே போய்க் கூட்டிட்டு வாரேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. ஆசையா, வெறுப்பா என்று சொல்லத் தெரியாத ஒரு பார்வை.

“திரும்பி வந்து? கழுத்துல தாலி கெடக்கும். வேற எவன் கட்டுவான்? அந்த மனுசன் வேற ஒருத்தியக் கட்டிக்கிடுவாரு. எம் பேரன் அவ கையில போவான். எம் மக வாழாவெட்டியா எங்கூட வத்தல் கிள்ளுவா. இவ அப்பா ஜெயிலுக்குப் போவாவ. சட்டம்தான் முறியாதுன்னு சொல்லிட்டுல்லா அண்ணாச்சி. இனி அவ அங்கன போய்த்தான் ஆவணும்.”

மணி அடித்தார்கள். பிச்சம்மாள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மடியில் அழுதது. நெல்லையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகளின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“ஏட்டி, மண்டபத்துல எத்தன வயசுன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“பதினொண்ணு.”

“பதினஞ்சுன்னு சொல்லணும்.”

“பதினொண்ணுதானம்மா. நீதான சொல்லுவ.”

“நான் பொய் சொன்னேன் மக்கா. பதினஞ்சு. எத்தன?”

“பதினஞ்சு.”

“குனியாத. குனிஞ்சா சின்னப் பிள்ளையாத் தெரியுது. நிமிந்து சொல்லு.”

ரயில் நகர்ந்தது. நெல்லையம்மாள் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். ஓடிக்கொண்டே எத்தனை, எத்தனை என்று கேட்டாள். அந்தப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, பதினஞ்சு, பதினஞ்சு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.